சந்துக்குக் குடிவந்த றெக்கை வீடு

கோயம்புத்தூரில் பழைய நூற்பாலைகளின் பின்புறமாக ஓடும் பஞ்சுக் கிடங்குச் சந்தில், ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பத்தே முக்காலுக்கு, தெருக்குழாயடியில் குடங்களோடு வரிசையில் நின்றிருந்த பெண்களின் தலைக்கு மேல் ஒரு கார் நிறுத்தும் முகப்பு வந்து நின்றது. சத்தமில்லாமல் வந்தது. வெயிலுக்காக முந்தானையைத் தலையில் போட்டிருந்தவர்கள் நிழல் விழுந்ததும் முந்தானையை இறக்கிவிட்டு, யார் குடம் நிறைந்தது, யார் குடம் அடுத்தது என்பதிலேயே கவனமாக இருந்தார்கள். சற்றுப் பொறுத்துத்தான் ஒருத்தி அண்ணாந்து பார்த்து, மேலே இருப்பது மேகமில்லை, கான்கிரீட் என்றும், அதைத் தாங்கும் தூண் ஒன்றே ஒன்றுதான் என்றும், அந்தத் தூணும் அடியில் சிறுத்து மேலே பருத்து இருக்கிறதென்றும் சொன்னாள். அப்படி ஒரு தூண் அந்த ஊரில் ஒரு வீட்டுக்குத்தான் உண்டு என்பதால், வந்திருப்பது றெக்கை வீட்டின் முகப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

றெக்கை வீடு சந்துக்கு அந்தப் பக்கம், பெரிய சாலையைப் பார்த்து நின்ற வீடு. ஆலை முதலாளி வெங்கிடபதி அதை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில், பம்பாயிலிருந்து ரத்தன்ஷா என்ற கட்டடக் கலைஞரை வரவழைத்துக் கட்டினார். கூரை ஓடுமில்லை, தட்டையுமில்லை. பறக்கப்போகிற கொக்கின் இறக்கைபோல இரண்டு பக்கமும் மேலேறி நடுவில் தாழ்ந்திருக்கும். மாடிப்படிகள் ஒரு பக்கம் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் காற்றில் நிற்கும். சன்னல்கள் வட்டம். கட்டி முடித்துச் சாவியைக் கொடுத்தபோது ரத்தன்ஷா, இதில் ஒன்றையும் மாற்றிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாராம். வெங்கிடபதி அதை வாக்காக எடுத்துக்கொண்டு, தான் சாகும் மட்டும் ஐம்பத்திரண்டு வருடம் அந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவிடவில்லை. நாட்காட்டியைக்கூட மேசையில் சாய்த்துத்தான் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள் பேருந்தில் வந்து இறங்கி, தரையில் உட்கார்ந்து வீட்டை வரைந்துகொண்டு போவார்கள்.

அவருக்குப் பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. ஒரே மகள் இந்திராணிக்கு வயது அறுபத்தாறு, பெண்கள் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஊரின் மறுகோடியில் வாடகைக்குக் குடியிருந்தார், அப்பா போன பிறகு அவர் கட்டிய வீட்டில் ஒருநாளும் தங்கியதில்லை. மரபுக் கட்டடங்களைக் காக்கும் குழு அவருக்கு ஒரு கடிதம் எழுதியது. நாட்டின் சிறந்த வீடுகளில் ஒன்றான அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்போவதாகவும், திங்கட்கிழமை வந்து அளக்கப்போவதாகவும், அறிவித்த பிறகு அதில் யாரும் கைவைக்க முடியாது என்றும் அதில் இருந்தது. கடிதம் புதன்கிழமை கிடைத்தது. வியாழக்கிழமை காலையில் இந்திராணி இடிக்கும் இயந்திரத்தோடு வந்துவிட்டார்.

இயந்திரத்தை ஓட்டியவர் பிற்பாடு கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரிதான் சொன்னார். இயந்திரத்தின் பல் முகப்பில் பட்டது, முகப்பு இல்லை. சரியென்று வரவேற்பறைச் சுவரைத் தொட்டார், வரவேற்பறை இல்லை. தூசி எழவில்லை, ஒரு கல் உருளவில்லை. ஒவ்வொரு அறையும் தன்னைத் தொட்ட மாத்திரத்தில், கூட்டத்தில் கால் மிதிபட்டவர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போவதுபோலப் போய்விட்டது. ஒரு மணிக்கெல்லாம் அங்கே சமமான செம்மண் தரை மட்டும் இருந்தது. இடிபாடுகளை எங்கே கொட்டுவதென்று கேட்க அவர் இறங்கி வந்தபோது, இந்திராணி தரையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, கொட்டுவதற்கு ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை, நீங்கள் சாப்பிடப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

பஞ்சுக் கிடங்குச் சந்தில் பத்தொன்பது வீடுகள். ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டி, ஆலை மூடிய பிறகு அவர்களிடமே விடப்பட்ட, பத்துக்குப் பன்னிரண்டு அடி ஓட்டு வீடுகள். அன்று பகல் அவற்றுக்குள் றெக்கை வீடு குடிவந்தது. சலூன்காரருக்கு நீல ஓடு பதித்த குளியலறையும் ஆள் உயரக் கண்ணாடியும் கிடைத்தன. மூலை வீட்டில் இருந்த தையற்காரக் குடும்பத்துக்கு வரவேற்பறை. வெளியே நின்று அளந்தால் வீடு பழைய பத்துக்குப் பன்னிரண்டுதான், உள்ளே போனால் முப்பதடி நீளத்துக்கு வழுவழுவென்று மொசைக் தரை. ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்வுபெற்ற நாட்ராயனுக்கு மாடிப்படிகள் வந்தன. அவருக்கு மாடி கிடையாது, ஆகையால் படிகள் ஓட்டைத் தாண்டிப் போய் வானத்தில் நின்றன. அவர் மேல்படியில் மிளகாய் காயவைத்தார், சாயங்காலங்களில் நடுப்படியில் உட்கார்ந்து நாளிதழ் படித்தார். மாகாளியம்மன் கோயிலுக்கு வளைந்த பால்கனி வந்து சேர்ந்தது. கூரை எங்கே போனதென்று மட்டும் தெரியவில்லை. ஆனால் அந்த ஐப்பசி மழையில் பத்தொன்பது வீட்டிலும் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை என்பதால், அது எல்லார் மேலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டார்கள்.

ஏன் வந்தது என்று சந்தில் யாரும் அதிகம் கேட்டுக்கொள்ளவில்லை. இடிக்க வந்தால் யாரானாலும் பக்கத்து வீட்டுக்குத்தானே ஓடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் பேச்சாக இருந்தது. பெரிய அறை கிடைத்தவர்கள் விசேஷங்களுக்கு அதை விடவேண்டும் என்றானது; ஒரு நிச்சயதார்த்தமும் ஒரு காதுகுத்தும் தையற்காரர் வீட்டு ஹாலில் நடந்தன. சலூன்காரர் வெள்ளிக்கிழமைகளில் கடையை மூடிவிட்டுப் பெண்களுக்கு நீலக் குளியலறையைத் திறந்துவிட்டார். வரிக்கு அளக்க வந்த மாநகராட்சி ஊழியர் உள்ளே ஒரு தடவையும் வெளியே ஒரு தடவையும் அளந்து, இரண்டும் ஒத்துவராததால், தனக்குக் கொடுத்திருக்கும் படிவத்தில் வெளி அளவுக்கு மட்டுமே இடமிருக்கிறது என்று வெளி அளவை எழுதிக்கொண்டு போனார்.

ஒரு பயம் மட்டும் இருந்தது. சலூன்காரர் இரண்டாம் நாள் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணி ஒன்று அடித்தார். அடித்தவுடன் அறை ஒரு சாண் பின்வாங்கியது என்றார். அளந்து பார்த்தவர் யாருமில்லை. ஆனாலும் அவர் ஆணியைப் பிடுங்கி ஓட்டையைச் சோப்பால் அடைத்தார். அன்றிலிருந்து, வந்த அறைக்கு வலித்தால் அது எழுந்து வேறு சந்துக்குப் போய்விடும் என்பதும், ஒன்று போனால் எல்லாம் போகும் என்பதும் சந்தில் உறுதியாயிற்று.

சமையலறை மயிலாத்தாள் வீட்டுக்கு வந்தது.

மயிலாத்தாளுக்கு நாற்பத்துநான்கு வயது. பம்பு மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றும் பட்டறையில் வேலை. கணவன் ஆறுச்சாமிக்கு வார்ப்பு ஆலையில் வேலை. ஒரே மகன் ஓசூரில் வேலையாக இருந்தான். சமையலறை வந்தபோது அவள் பட்டறையில் இருந்தாள். மாலையில் வந்து கதவைத் திறந்தால், பழைய மேசையும் அடுப்பும் இருந்த மூலையில் ஒரு பெரிய அறை. அதன் ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரைக்கும், கால் ஒன்றும் இல்லாமல், ஒரே வார்ப்பாகக் கறுப்பு மேடை. மேலே அவளுடைய இரட்டை அடுப்பு ஓரமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. மேடையின் உயரம் நாற்பது அங்குலம். மயிலாத்தாளின் உயரம் நாலே முக்கால் அடி. கிட்டே போய் நின்றால் மேடை நெஞ்சுக்கு வந்தது. அதன்மேல் அடுப்பு, அடுப்பின்மேல் பானை என்றால், கொதிப்பதைப் பார்க்கக் குதிக்கவேண்டியிருந்தது.

அவள் குறை சொல்லவில்லை. மோட்டார் வரும் பெட்டியின் மரச்சட்டங்களை வைத்து ஆறுச்சாமி ஒரு பலகை செய்து கொடுத்தான். அதன்மேல் ஏறி நின்று சமைத்தாள். பருப்பு எடுக்க இறங்கி, போட ஏறி, உப்புக்கு இறங்கி, கிளற ஏறி, ஒரு சாப்பாட்டுக்கு நாற்பது ஐம்பது தடவை ஏறி இறங்கினாள். பார்க்க வந்த பெண்கள் மேடையைத் தடவிப் பார்த்து, உனக்குத்தான் அதிர்ஷ்டம் என்றார்கள். அவளும் ஆமாம் என்றாள்.

திங்கட்கிழமை சொன்னபடி மரபுக் குழு வந்தது. தலைவர் பேராசிரியர் தணிகாசலம், எழுபது வயதை நெருங்கியவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் மாணவராகப் பேருந்தில் வந்து றெக்கை வீட்டை வரைந்தவர். அதைப் பற்றித் தன் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே எழுதியவர். வெறும் செம்மண் தரையின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு மதில் இடுக்கு வழியாகத் தெருக்குழாய்க்கு மேல் அந்த ஒற்றைத் தூண் முகப்பைக் கண்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சாக்கடையைத் தாண்டிச் சந்துக்குள் வந்தார். அன்று மாலைவரை வீடு வீடாகப் போய்த் தன் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாக அடையாளம் கண்டு குறித்தார். ஒன்றும் தொலையவில்லை, எல்லாம் ஓர் அங்குலம் பிசகாமல் இருக்கிறது என்று தெரிந்தபோது கோயில் பால்கனிக்குக் கீழே உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூன்று வாரத்தில் ஆணை வந்தது. ஒரு வீடு பத்தொன்பது கதவிலக்கங்களில் இருப்பதால் பத்தொன்பதும் பாரம்பரியச் சின்னம். யாரும் ஆணி அடிக்கக்கூடாது, வண்ணம் பூசக்கூடாது, கொக்கி மாட்டக்கூடாது, எதையும் கூட்டவோ குறைக்கவோ வெட்டவோ கூடாது. ஒவ்வொரு கதவிலும் நீலத் தகடு பதிக்க ஆள் வந்து, ஆணி அடிக்கக் கூடாதென்பதால் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். சந்துக்காரர்கள் ஆணையைப் படித்து, நாம் முன்னமே செய்கிறதைத்தானே சொல்லியிருக்கிறார்கள் என்று ஒத்துக்கொண்டார்கள். பிள்ளை பெற்றவள் தூளி கட்ட இடமில்லாமல் சங்கடப்பட்டாள். துணி காயப்போட எல்லாரும் செம்மண் தரைக்குப் போனார்கள். அதற்குமேல் பெரிதாக ஒன்றுமில்லை, கார்த்திகை மாதம் மயிலாத்தாள் விழுகிற வரையில்.

சோறு வடிக்கும்போது விழுந்தாள். பலகையின் ஒரு சட்டம் நகர்ந்தது, பானையோடு சாய்ந்தாள், கொதிக்கிற கஞ்சி இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கொட்டிவிட்டது. கம்பி சுற்ற இரண்டு கையும் வேண்டும், ஆகவே பட்டறைக்குப் போக முடியாமல் ஒரு மாதம் வீட்டில் இருந்தாள். முதல் வாரம் வலியில் போனது. இரண்டாம் வாரம் ஆறுச்சாமி சமைப்பதைப் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வாரம், கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், இந்த மேடையை வெட்டி இறக்கவேண்டும் என்றாள்.

சந்து முழுவதும் அவள் வாசலுக்கு வந்தது. சண்டைக்கு வரவில்லை, கேட்டுக்கொள்ளத்தான் வந்தார்கள். ஆளுக்கு ஒரு நாள் அவளுக்கும் சேர்த்துச் சமைத்துக் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். நாட்ராயன், தன் மனைவி இறந்த பிறகு வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர், அந்தப் படிகள் வந்த பிறகுதான் தினமும் வெளியே உட்கார்ந்து நாலு பேரைப் பார்க்கிறார். அவர் எல்லாருக்கும் முன்னால் நின்று, ஒரு மேடைக்காக எங்கள் எல்லாருடையதையும் போகவிடாதே என்றார். மயிலாத்தாள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அடுத்த தடவை முகத்தில் கொட்டும் என்று மட்டும் சொன்னாள். அவர்கள் வாசலை விட்டுப் போகவில்லை.

கடைசியில் நாட்ராயனே ஒரு வழி சொன்னார். வெட்டினால் வீடு கோபித்துக்கொண்டு போகுமா, பொறுத்துக்கொள்ளுமா என்பது அதோடு வளர்ந்தவருக்குத்தான் தெரியும்; இந்திராணியைக் கேட்போம் என்றார். மறுநாள் காலை பேருந்தேறிப் போய் அவர் வாசலில் நின்றார். வீட்டை இடிக்க வந்த அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு இந்திராணி அந்தப் பக்கமே வரவில்லை. வீடு எங்கே போனதென்று தெரிந்தும் பார்க்க வரவில்லை. நாட்ராயன் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டவர், ஒன்றே ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டார்.

“எதிலிருந்து விழுந்தாங்க?”

“பலகைங்க. ஏறி நின்னு சமைக்கறதுக்கு அவ ஊட்டுக்காரன் அடிச்சுக் குடுத்ததுங்க.”

இந்திராணி உள்ளே போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு அவரோடேயே புறப்பட்டு வந்துவிட்டார்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது மயிலாத்தாள் வீட்டில் பேராசிரியர் தணிகாசலம் ஏற்கெனவே இருந்தார். வெட்டப்போகும் சேதி யார் மூலமோ அவருக்கும் போயிருந்தது. கொத்தனார் உளியையும் சுத்தியலையும் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு வாசலில் குந்தியிருந்தார். பேராசிரியர் கோபமாகப் பேசவில்லை. இந்த ஊரில் பெண்கள் தரையில் குந்தி, புகையில் கண் எரிய ஊதி ஊதிச் சமைத்துக்கொண்டிருந்த காலத்தில், அவர்களை எழுந்து நிற்கவைத்துச் சமைக்கச்சொன்ன முதல் மேடை இதுதான் என்று மயிலாத்தாளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஒரே நாளில், ஒரே வார்ப்பில் வார்த்தது; இதை வெட்டினால் இது இந்த வீடாக இருக்காது; ஆணையை மீறியதாகவும் ஆகும். அதற்குப் பதிலாக நல்ல உறுதியான பலகை ஒன்றைக் குழுவின் செலவிலேயே செய்து தருவதாகச் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இந்திராணி உள்ளே வந்து மேடைமேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு குனிந்து கீழே கிடந்த பலகையைப் பார்த்தார்.

பேராசிரியர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். என்னை நினைவிருக்காது, மாணவனாக வந்திருக்கிறேன் என்றார். இந்திராணி நினைவிருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை வரும் மாணவர்களுக்கு அறையின் அளவு புரிவதற்காக, வரவேற்பறை நாற்காலியில் மகளை அப்பா மதியம்வரை உட்காரவைப்பார், அசையக்கூடாது. பேராசிரியரின் புத்தகத்தில் இருக்கும் படத்திலும், முகம் வரையப்படாத ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

“எல்லா ரூமையும் வரைஞ்சீங்க. இந்த ரூமுக்குள்ள வந்திருக்கீங்களா?” என்று கேட்டார் இந்திராணி.

பேராசிரியர் யோசித்தார். வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கதவு சாத்தியிருக்கும், உள்ளே சமையல் நடக்கிறது என்பார் வெங்கிடபதி. சுவரில் இருந்த சின்னத் திறப்பின் வழியாகக் காப்பித் தம்ளர்கள் வரும். சமையலறையை அவர் ரத்தன்ஷாவின் வரைபடத்தைப் பார்த்துத்தான் வரைந்தார்.

“கதவுக்கு இந்தப் பக்கம் எங்கம்மா பலகை மேல நின்னு உங்களுக்குக் காப்பி ஆத்தீட்டிருந்தாங்க,” என்றார் இந்திராணி. “அந்தக் கட்டடக்காரர் ஆறேகால் அடி. அவரு ஒடம்ப வெச்சே எல்லாத்தையும் அளந்தாரு. எங்கம்மா நாலரை அடிகூட இல்ல. ஒருக்காத்தான் அப்பாகிட்டக் கேட்டாங்க, ஒரு சாணாவது கொறச்சுத் தரச் சொல்லி. பிளான்ல இல்லீன்னுட்டாரு. முப்பத்தொரு வருஷம் நின்னாங்க.”

மீதியை அவர் கணக்குப் பாடம் சொல்கிறவர்போல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார். அம்மா இரண்டு தடவை விழுந்தாள். முதல் தடவை விழுந்ததை அப்பாவிடம் சொல்லவில்லை. இரண்டாம் தடவை இடுப்பெலும்பு முறிந்தது. பதினோரு மாதம் படுக்கையில் கிடந்தாள். படுத்தபடி பார்த்தால் அந்த வட்டச் சன்னலில் வானம் மட்டும்தான் தெரியும், தெரு தெரியாது. ரோட்டில் என்ன போகிறது என்று சத்தம் கேட்டவுடன் மகளைக் கேட்பாள், மகள் எட்டிப் பார்த்துச் சொல்வாள். அப்படியே இறந்தாள். பிறகு அப்பா சமையலுக்கு உயரமான ஓர் ஆளை வைத்துக்கொண்டார்.

ஆறுச்சாமி, அம்மா உட்காருங்கள் என்று நாற்காலியை நகர்த்தினான். இந்திராணி உட்காரவில்லை. பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். என்ன செய்வதென்று தெரியாதபோது எதையாவது அளப்பது அவருடைய வழக்கம். மண்டியிட்டு, கீழே கிடந்த பலகையின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து எழுதிக்கொண்டார். எழுதிய பிறகும் எழுந்திருக்கவில்லை.

“படத்த நான் தப்பா வரைஞ்சிருக்கேன்மா,” என்றார். “பலகைய வரையல.”

அதற்குப் பிறகு வெட்டக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. கொத்தனார் உள்ளே வந்து எவ்வளவு இறக்குவது என்று கேட்டார். இந்திராணி அவர் கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியை வாங்கிக்கொண்டு, தன் உடம்பில் ஓர் இடத்தில் கையை வைத்துப் பார்த்து, அந்த உயரத்துக்குச் சுவரில் கோடு போட்டார். அந்த உயரத்தை அவர் முப்பது வருடமாக மனதில் வைத்திருந்தார் என்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. மயிலாத்தாள் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். குனிந்தும் பார்த்தாள். சொல்வதா வேண்டாமா என்று கணவனைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“ஏனுங்கம்மா, இது உங்கம்மா ஒசரமுங்களா?”

“ஆமா அம்மிணி.”

“நான் அவீகளவிட நாலு விரல் ஒசரமுங்க. இதுல நின்னா எனக்கு இடுப்புப் போயிருமுங்க.” மெதுவாகச் சேர்த்தாள்: “சமைக்கறது நானுங்க.”

இந்திராணி தான் போட்ட கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் அப்பா ஒரு மனிதரின் உயரத்தை இந்த வீட்டில் ஐம்பது வருடம் காவல் காத்ததுபோல, தானும் ஒருத்தியின் உயரத்தைக் கொண்டுவந்து இன்னொருத்தியின் வீட்டில் வைக்கப் பார்த்ததை அவர் அப்போது உணர்ந்தார் என்று பிற்பாடு அவரே நாட்ராயனிடம் சொல்லியிருக்கிறார். அப்போது சேலைத் தலைப்பால் கோட்டைத் துடைத்தார். சுண்ணாம்பு லேசில் போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்து, சுத்தமாகப் போகிற வரைக்கும் துடைத்தார். பிறகு சுண்ணாம்புக் கட்டியை மயிலாத்தாளிடம் நீட்டினார். ஒரு கை கட்டுக்குள் இருந்ததால் அவளால் தானே அளக்க முடியவில்லை. வலது கையை மடக்கிக்கொண்டு சுவரோரம் நின்றாள். பேராசிரியர் நாடாவைப் பிடித்தார், முழங்கைக்கு நாலு விரல் கீழே இந்திராணி கோடு போட்டார். முப்பத்திரண்டு அங்குலம் வந்தது.

வேலை மூன்று நாள் நடந்தது. முதல் உளிச்சத்தம் பத்தொன்பது வீட்டிலும் ஒரே நேரத்தில், அவரவர் சுவருக்குள்ளேயே கேட்டது. தையற்காரர் ஹாலில் இருந்த சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட்டார். சலூன்காரர் பாதிச் சவரத்தில் கத்தியை நிறுத்திக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். நாட்ராயன் மூன்று நாளும் தன் படிகளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். போவதானால் என்னையும் சேர்த்துக் கொண்டுபோகட்டும் என்று சாப்பாட்டைக்கூட அங்கேயே வாங்கிச் சாப்பிட்டார். மேடையைச் சுவரிலிருந்து அறுத்து எடுத்து, இரும்புத் தாங்கிகள் வைத்து, கீழே இறக்கிப் பொருத்தினார்கள். பழைய மேடை இருந்த இடத்தில் சுவர் நெடுக ஒரு வடு தெரிந்தது. கொத்தனார் அதைப் பூசி மறைக்கப் போனபோது பேராசிரியர் தடுத்து, அது இருக்கட்டும், இங்கே இருந்தது, இங்கே வந்தது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்றார்.

எந்த அறையும் போகவில்லை. நான்காம் நாள் காலையில் நாட்ராயன் கைப்பிடியை விட்டு இறங்கி, கால் மரத்துப்போனதால் சிறிது நேரம் தள்ளாடி, பிறகு மிளகாயைக் காயப்போட்டார்.

அன்று மயிலாத்தாள் ஒரு கையாலேயே சோறும் பீர்க்கங்காய்க் கூட்டும் செய்தாள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இந்திராணி அவள் சமைப்பதை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு, நாட்ராயனின் படிகளில் ஏறி மேல்படி வரைக்கும் போய், மிளகாயை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து, சாலையில் போகிற வண்டிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அழுதாரா என்று கீழேயிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. யாரும் மேலேறிப் போய்ப் பார்க்கவும் இல்லை.

பேராசிரியர் ஊருக்குப் போய்க் குழுவைக் கூட்டினார். இரண்டு உறுப்பினர்கள் கடுமையாக எதிர்த்தார்கள் என்றும், இப்படி ஆளாளுக்கு வெட்டினால் காப்பதற்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார்கள் என்றும், அவர் அந்தப் பலகையின் அளவை மட்டும் படித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார் என்றும் கேள்வி. ஆணை திருத்தி வந்தது. மற்றதெல்லாம் முன்போலவே இருந்தது. சமையலறைக்கு மட்டும் ஒரு வரி கூடியிருந்தது: அங்கே சமைப்பவரின் முழங்கை அளவுக்கு மேடையை ஏற்றவோ இறக்கவோ செய்யலாம், ஒவ்வொரு தடவையும் பழைய உயரத்தின் அடையாளத்தைச் சுவரில் விட்டுவைக்கவேண்டும். அந்த வரியைக் காட்டி, தூளிக்கு ஒரு கொக்கி கேட்டு இன்னொருத்தி மனுப் போட்டாள், அதுவும் கிடைத்தது.

ஆறு வருடம் கழித்து மயிலாத்தாளின் மகன் ஓசூரில் கூடவே வேலைபார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். பெயர் கீர்த்தனா, ஐந்தடி எட்டு அங்குலம், வீட்டுக்குள் வரும்போது நிலைப்படியில் தலை இடித்தது. ஒரு மாதம் குனிந்து சமைத்துவிட்டு, முதுகு வலிக்கிறதுங்க அத்தை என்றாள். மயிலாத்தாள் தனக்குத் தனி அடுப்பும் தாழ்ந்த மேசையும் ஓரமாகப் போட்டுக்கொண்டு, அதே கொத்தனாரை வரவழைத்தாள். மேடை முப்பத்தெட்டு அங்குலத்துக்கு ஏறியது. சுவரில் இப்போது கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு வடுக்கள். பேராசிரியர் அப்போது உயிரோடில்லை. அவருக்குப் பதில் குழுவிலிருந்து ஓர் இளம்பெண் வந்து, வடுக்களையும் மேடையையும் அளந்து எழுதிக்கொண்டு, நாடாவைப் பைக்குள் போட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு தன் முழங்கையை மடக்கி மேடைமேல் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.